ஒரு பெயர் எழுதிய படிவம்

தண்டவாளமே இல்லாத ஊரில் இரயில் சீட்டுப் பதிவு செய்து கொடுக்கும் உத்தியோகம் நம்முடையது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேயரிலிருந்து கப்பலேறுவோர், சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபின் மேற்கொண்டு செல்லவேண்டிய வண்டிக்கு இங்கேயே இடம் பிடித்துக்கொள்வது வழக்கம். ஆகையால் கல்லூரி திறக்கும் பருவத்தில், எந்த வீட்டுப் பிள்ளை எந்த ஊருக்குப் படிக்கப் போகிறது என்பது அவ்வீட்டாரின் உறவினர்க்குத் தெரியுமுன் நமக்குத் தெரிந்துவிடும்.

அவ்வாறு ஒருநாள், ஜங்லிகாட்டு மீன் இறங்குதுறையை அடுத்துக் குடியிருக்கும் அண்ணாச்சி ஒருவர் நம் சன்னலுக்கு வந்தார். ஒரு படிவத்தில் ஆறு பேர் வரை எழுதலாம். அவர் நீட்டிய படிவத்தில் ஒரு பெயரே இருந்தது. மகன், சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு, சேரன் விரைவு வண்டி, பொறியியற் கல்லூரி. அவருக்கு ஒரு மகளும் உண்டு என்பதை நாம் அறிவோம். அண்ணனும் தங்கையும் ஒரே ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவர்கள்.

"மகளுக்குச் சீட்டு வேண்டாமா, அண்ணாச்சி?" என்றோம்.

"அவளுக்கு எதுக்குத் தம்பி? வீட்டிலே அம்மாவுக்குத் துணையா இருக்கட்டும்."

"மார்க்கு யாருக்கு அதிகம்?"

"அவளுக்குத்தான்" என்று பெருமையோடு சொன்னார். சொல்லிவிட்டு, நம் முகத்தைப் பார்த்து, "சர்ச் பார்க் கான்வென்டிலே படிச்ச ஜெயலலிதா அம்மாவே காலேஜுக்குப் போகலையே தம்பி! முதல் மந்திரி ஆகலையா?" என்றார்.

வரிசையில் நின்றோர் நகைத்தனர். நாமும் நகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அதற்குள் பின்னால் நின்றவர் தம் படிவத்தை உள்ளே நீட்டிவிட்டார். அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியை இத்திங்கள் இப்பகுதியில் எழுதலாம் என்று துணிந்தோம்.

அண்ணாச்சி பெயர் சொன்ன பள்ளியிலிருந்தே தொடங்குவோம். சென்னை அண்ணா சாலையில் உள்ள சேக்ரட் ஹார்ட் பள்ளியைத்தான் ஊரார் சர்ச் பார்க் என்பர். பிரசன்டேஷன் சபைக் கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி அது. 1909-இல் தொடங்கி, 2009-இல் நூற்றாண்டு கண்டது. பள்ளிகளுக்கு விழா எடுப்பதில் நம்மவர்க்கு எப்போதும் உற்சாகம் மிகுதி. 25 ஆனால் வெள்ளி, 50 ஆனால் பொன், 60 ஆனால் வைரம், 75 ஆனால் பவளம், 100 ஆனால் கேட்கவே வேண்டாம். பந்தல், மலர், பழைய மாணவியர் கூட்டம், புகழ் பெற்றவர்களின் படவரிசை எல்லாம் அமைந்துவிடும். எந்தப் பள்ளி மலரிலும் படம் இடம்பெறாத ஒருத்தியும் உண்டு. வாசல் வரை வந்து உள்ளே வராமற் போனவள் அவள். அல்லது உள்ளே வந்து நன்றாகப் படித்துப் பாதியில் நிறுத்தப்பட்டவள்.

இக்கன்னியர் சபை பிறந்ததே அப்படிப்பட்டவளுக்காகத்தான். அந்தக் கதையைச் சற்று விரித்துச் சொல்ல நேயர்கள் இடந்தர வேண்டும்.

அயர்லாந்து நாட்டில், கார்க் நகரை அடுத்த பகுதியில், 1718-இல் பிறந்தவர் நானோ நேகிள் அம்மையார். செல்வக் குடும்பம். எனினும் அக்காலத்து அயர்லாந்து ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்கர் பள்ளி நடத்தலாகாது, பிள்ளைகளைப் படிப்புக்காக வெளிநாடு அனுப்பலாகாது என்று 1695-இல் சட்டமே இயற்றியிருந்தனர். வசதியுள்ளோர் சட்டத்துக்குத் தெரியாமல் பிள்ளைகளைக் கடல் கடத்திப் படிக்கவைத்தனர். நானோவும் அப்படித்தான் பிரான்சுக்குச் சென்று கல்வி பெற்றார். பாரிசில் ஒருநாள் இரவெல்லாம் நடன விருந்தில் களித்துவிட்டு விடியற்காலையில் வண்டியில் திரும்புகையில், வேலைக்குப் போகுமுன் கோயில் கதவு திறப்பதற்காகக் காத்து நின்ற ஏழை மக்களைக் கண்டு மனம் மாறினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

தாயகம் திரும்பிய அவர் 1750-களில் கார்க் நகரத்துச் சந்து ஒன்றில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 30 குழந்தைகள். சட்டப்படி அது குற்றம். ஆகையால் உடன்பிறந்தாரிடங்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் ஏழை ஒருவன் அவருடைய சகோதரரிடம் வந்து, "உங்கள் சகோதரியாரின் பள்ளியில் என் குழந்தைக்கு ஓர் இடம் வாங்கித் தரவேண்டும்" என்று வேண்டினான். பள்ளியா, எந்தப் பள்ளி என்று அவர் திகைத்துப்போனார். வீட்டில் பெரும் சினம் மூண்டது; குடும்பத்தின் சொத்துக்கே ஆபத்தாகலாம் அல்லவா? பின்னர் சினம் தணிந்து, வீட்டாரே துணை நின்றனர். ஏறத்தாழ ஒன்பது மாதத்தில் பிள்ளைகள் 200 ஆயினர். சில ஆண்டுகளில் பெண்களுக்கு ஐந்தும் ஆண்களுக்கு இரண்டுமாக ஏழு பள்ளிகள் நடந்தன. பெண்களுக்கு ஐந்து, ஆண்களுக்கு இரண்டு என்ற கணக்கை அண்ணாச்சி கவனிக்க வேண்டும்.

மாலையானால் கையில் ஒரு விளக்கை ஏந்திக்கொண்டு, பள்ளிக்கு வர இயலாதவர்களின் குடிசைகளைத் தேடிச் செல்வாராம். இன்றும் உலகெங்கும் உள்ள பிரசன்டேஷன் பள்ளிகளில் அவ்வம்மையாரை விளக்கேந்திய கோலத்தில் காட்டுவது இதனால்தான்.

தமக்குப்பின் இப்பணி நிலைக்க வேண்டும் என்று கருதி, 1771-இல் பிரான்சிலிருந்து உர்சுலைன் சபைக் கன்னியரைக் கார்க் நகருக்கு வரவழைத்தார். வந்தவர்கள் நல்லவர்கள். ஆனால் மடத்தின் மதிலுக்கு வெளியே போகலாகாது என்பது அவர்களின் விதி. சந்துக்குள் இருக்கும் குழந்தை மதிலுக்குள் வந்தால்தான் படிப்பு. மதிலுக்குள் எளிதாக வரக்கூடியவர்களோ வசதியுள்ள வீட்டுப் பெண்கள். இது தாம் நினைத்த காரியம் அன்று எனக் கண்ட நானோ, தம் 57-ஆம் வயதில், 1775 டிசம்பர் 24-ஆம் நாள், வேறு மூவருடன் தாமே ஒரு சபையைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்துப் புதிய மடம் திறந்தபோது, பெரிய மனிதர்களை அழைக்காமல் 50 பிச்சைக்காரர்களைக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்து, கன்னியர் தம் கையாலேயே பரிமாறினர். கட்டடத் திறப்பு விழா என்றால் நமக்கு இதுவே விழாவாகத் தோன்றுகிறது. 1784-இல் அம்மையார் மறைந்தார். அவர் மறைந்தபின் 1805-இல் அச்சபையையும் மதிலுக்குள் அடைக்கும் விதியைப் புகுத்தியே உரோமாபுரி அங்கீகாரம் அளித்தது என்பது வேறு கதை. நல்ல காரியங்களுக்கும் இப்படிச் சில சங்கிலிகள் வந்து சேர்வதுண்டு. சபை தோன்றிய நாள்தொட்டு எண்ணினால் 2025 டிசம்பரில் 250 ஆண்டு நிறைகிறது. சர்ச் பார்க்கின் நூற்றாண்டு அந்த 250-இல் ஒரு பங்கே ஆகும்.

இச்சபையார் சென்னைக்கு வந்தது 1842 ஜனவரியில். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல்தான் என்பதை நினைத்தால், அவர்கள் எத்தனை திங்கள் கடலில் இருந்திருப்பர் என்பது விளங்கும். மூன்று நாள் கப்பற் பயணத்துக்கே எலுமிச்சம்பழமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு புறப்படும் நமக்கு அது விளங்காமற் போகாது. மதர் பிரான்சிஸ் சேவியர் கர்ரன் என்பார் தலைமையில் வந்த அந்தச் சிறு குழு ஜார்ஜ் டவுன் பகுதியில் மடம் அமைத்தது. அனாதைகளும் ஏழைகளுமான சிறுமியரே முதலில் கவனம் பெற்றனர். பின்னர் நகரின் பிற பகுதிகளிலும் பள்ளிகள் கிளைத்தன.

இனி, அக்கன்னியரிடம் பாடங்கேட்ட இரண்டு பெண்களைக் குறித்துச் சொல்லவேண்டும். அண்ணாச்சிக்கு நாம் தரும் மறுமொழி இவ்விருவர் வாழ்க்கையில்தான் இருக்கிறது.

முதலாமவர் மயிலாப்பூரில் 1886-இல் பிறந்த சுப்புலட்சுமி. அந்தக் கால வழக்கப்படி சிறுமியாயிருக்கும்போதே மணம் முடித்தனர். மணமகன் விரைவில் இறந்துவிட்டான். விளையாட்டுப் பருவத்திலேயே கைம்பெண். தலையை மழித்து மூலையில் உட்கார வைப்பதே அன்றைய பிராமணக் குடும்பத்து முறை. அவருடைய தந்தை சுப்பிரமணிய ஐயர் அதற்கு இணங்கவில்லை. ஊரார் தூற்றலைப் பொருட்படுத்தாது மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர்ப் பிரசன்டேஷன் கன்னியரின் பள்ளிக்கு அனுப்பினார். வைதிகக் குடும்பத்து விதவைப் பெண் கிறிஸ்தவ மடத்துப் பள்ளிக்குப் போவதென்றால் அன்று எத்தனை வாய்கள் பேசியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மகள் மாநிலக் கல்லூரியில் பயின்று 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர் அடுத்து என்ன செய்தார்? தம்மைப் போன்ற இளம் விதவைகளைத் தம் வீட்டிலேயே சேர்த்துப் படிக்க வைத்தார். 1912-இல் சாரதா மகளிர் சங்கம் கண்டார். அவ்விதவைகளின் விடுதி வளர்ந்து, மெரினாக் கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் பழைய ஐஸ் ஹவுசில் இடம்பெற்றது. மூலையில் கிடந்திருக்க வேண்டிய பெண்கள் ஆசிரியைகளாகி வெளியே வந்தனர். அவ்விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே என்று அமைந்திருந்த குறையையும் மறைப்பதற்கில்லை. எனினும் கன்னியரிடம் தாம் கண்ட தொண்டைத் தம் சமயத்தை விடாமலே அவர் மேற்கொண்டார். சகோதரி சுப்புலட்சுமி என்றே நாடு அவரை அழைத்தது. 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1969-இல் மறைந்தார்.

இரண்டாமவர் அண்ணாச்சி சொன்னவரே. 1948-இல் பிறந்து, இரண்டு வயதில் தந்தையை இழந்தவர் ஜெயலலிதா அம்மையார். தாயார் சந்தியா நடித்துச் சம்பாதித்த பொருளே குடும்பத்தைக் காத்தது. சர்ச் பார்க்கில் பயின்று 1964-இல் மெட்ரிகுலேஷனில் மிகச் சிறப்பாகத் தேறினார். அங்கே அவர் முதல்தர மாணவி என்பதில் நண்பர் பகைவர் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் குடும்பத்தின் நிலை கருதித் திரைப்படத்துக்குச் செல்ல நேர்ந்தது. 1965-இல் வெண்ணிற ஆடை வெளிவந்தது. தாம் மேற்கொண்டு படிக்கவே விரும்பினார் என்பதையும், நடிப்பு தாமாக விரும்பி ஏற்றதன்று என்பதையும் பிற்காலத்தில் பேட்டிகளில் அவரே கூறியிருக்கிறார். புகழும் பதவியும் எல்லாம் வந்த பின்னும், படிக்காமற் போன படிப்பு நினைவில் நின்றது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

"முதல் மந்திரி ஆகலையா?" ஆனார், மெய்தான். ஆறு கோடிப் பேருக்கு மேல் வாழும் நாட்டில் ஒருவர் ஆனார். ஆற்றைத் தாண்டிய ஒருவனைக் காட்டி நீச்சல் தேவையில்லை என்று சொல்லலாமா? மேலும், 2001-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த அவ்வம்மையாரின் அரசுதான், பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர்ப் பிற மாணவ மாணவியர்க்கும் அது விரிந்தது. பள்ளி தொலைவு என்று பெண்ணை நிறுத்திவிடாதீர்கள் என்பதே அந்த மிதிவண்டியின் பொருள். கல்லூரி வாசலில் நின்றுபோனவரே அதைக் கொடுத்தார். அவரை எடுத்துக்காட்டாகக் கொள்வதானால் இதையும் சேர்த்தே கொள்ள வேண்டும்.

இவ்விரு பெண்களும் ஒரே சபையாரின் மாணவியர். இருவரும் கூரிய அறிவினர். ஒருவர்க்கு வீடு துணை நின்றது, ஊர் எதிர்த்தது. மற்றவர்க்கு ஊர் கைதட்டியது, வீட்டின் தேவை அவரைப் பிடித்து நிறுத்தியது. பள்ளியால் இயன்றது ஓர் அளவுதான். மணியடித்தபின் பெண் திரும்பிச் செல்வது வீட்டுக்கல்லவா?

ஓர் ஆட்சேபம் எழும். கான்வென்ட் என்றாலே இக்காலத்தில் கட்டணமும் ஆங்கிலமும்தானே, ஏழைக்கும் அதற்கும் என்ன என்பர். நியாயமான கேள்விதான். நானோ அம்மையார் உர்சுலைன் மதிலைப் பார்த்துக் கேட்ட கேள்வியே அது. இதற்கு விடை தேடிய ஒரு பள்ளி நம் இரயில்வேயின் வாசலிலேயே இருக்கிறது. கல்கத்தாவில் சியால்டா நிலையத்துக்கு அருகில் 1857-இல் தோன்றிய லொரேட்டோ பெண்கள் பள்ளி அது. அதுவும் அயர்லாந்துக் கன்னியர் வேறொரு சபையார் நடத்துவதே. 1979-இல் தலைமை ஏற்ற சகோதரி சிரில் மூனி, கட்டணம் செலுத்தாத ஏழைச் சிறுமியரை ஆண்டுதோறும் மிகுதியாகச் சேர்த்து, 1,400 பேரில் பாதிப்பேர் அவர்களே என்னும் நிலைக்குக் கொண்டுவந்தார். சீருடை ஒன்றே, பாடம் ஒன்றே, யார் கட்டணம் கட்டியவர் என்பது வகுப்பில் தெரியாது. நிலையத்திலும் நடைபாதையிலும் வாழ்ந்த சிறுமியர்க்குப் பள்ளிக் கட்டடத்திலேயே தங்குமிடம் அமைத்தார். பணக்கார வீட்டு மாணவியர் அச்சிறுமியர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது பள்ளிக் கடமைகளுள் ஒன்று. கட்டணம் கட்டிய பெற்றோர் சிலர் முகஞ்சுளித்திருக்கலாம், பள்ளி சரிந்துவிடவில்லை. 2007-இல் அப்பள்ளிக்கு 150 ஆண்டு நிறைந்தது. அவ்வாண்டே சகோதரிக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2023-இல் அவர் காலமானார்.

நம் தீவுக்கு வருவோம். இங்கே பெண் பிள்ளையை நிறுத்த நாம் சொல்லும் காரணங்களுள் முதலாவது கடல். 1,200 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் தனியாக எப்படி அனுப்புவது? அச்சத்தைப் பரிகசிக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் அதே கடலில்தானே மகனை அனுப்புகிறோம்? கடலைக் கடக்கவே மனம் இல்லையென்றாலும் 1967 முதல் ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா என்னும் அரசுக் கல்லூரி இவ்வூரிலேயே இருக்கிறது. ஜங்லிகாட்டிலிருந்து கப்பல் வேண்டாம், பேருந்து போதும். ஆகவே காரணம் கடல் அன்று. அம்மாவுக்குத் துணை என்கிறோமே, அதுதான் காரணம். அடுப்படி, தண்ணீர்க் குடம், தம்பியின் சட்டை, பாட்டியின் மருந்து.

இதைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம் தமக்கையார் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். நாம் படிப்பதற்காகவே அவர் வீட்டு வேலையை ஏற்றார். நாம் மெட்ரிக்கோடு நின்றோம். அதைக் கொண்டு இந்த நாற்காலியில் அமர்ந்தோம். கணக்கில் நம்மைவிட அவரே கெட்டிக்காரர். மளிகைச் சீட்டை நாம் காகிதத்தில் கூட்டி முடிப்பதற்குள் அவர் மனத்தில் கூட்டித் தொகையைச் சொல்லிவிடுவார். ஒரு தடவை நாம் தவறாகக் கூட்டியதைத் திருத்திவிட்டு, "உன் உத்தியோகத்தை எனக்குக் கொடுத்திருக்கலாம்டா" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நாம்தான் அன்றிரவு உறங்கவில்லை.

நம் சங்கத்திலும் ஆண்டு விழாவில் அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம். பெண்கள் பலர் மேடையேறுகின்றனர், நாமும் கைதட்டுகிறோம். அடுத்த ஆண்டு அப்பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை. இவ்வாண்டு முதல், முந்தைய ஆண்டு பரிசு பெற்றோர் ஒவ்வொருவரும் இப்போது எவ்விடத்தில் என்ன படிக்கின்றனர் என்பதை மேடையில் வாசித்தால் என்ன? சிலருக்கு அது சங்கடமாக இருக்கும். இருக்கட்டும். செயற்குழு அன்பர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.

அண்ணாச்சி பத்து நாள் கழித்து மறுபடி நம் சன்னலுக்கு வந்தார். கப்பல் தேதி மாறிவிட்டது. ஆகவே வண்டியின் தேதியையும் மாற்ற வேண்டும். கப்பல் சொன்ன நாளில் புறப்பட்டால்தான் நாம் வியப்படைவோம். பழைய சீட்டை இரத்துச் செய்துவிட்டுப் புதிய படிவத்தை வாங்கிப் பார்த்தோம். முத்து முத்தான ஆங்கில எழுத்து. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

"மகன் எழுத்து அழகா இருக்கே, அண்ணாச்சி" என்றோம்.

"அவன் எங்கே எழுதினான்? போன தடவையும் இதுவும் மகள் எழுதிக் கொடுத்தது" என்றார்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சிறிது நேரம் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்கே காலேஜிலே சேர என்னென்ன காகிதம் கேப்பாங்க, தம்பி?" என்றார். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், புகைப்படம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தோம். "வீட்டிலே பேசிட்டுச் சொல்லுறேன்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விண்ணப்பத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.